சுமையும் சுமப்பாரும்

நேபாள நாட்டில் எவரெஸ்ட்டுச் சிகரம் ஏறச் செல்வோரின் அடிவார முகாம் ஏறக்குறைய 5,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. முதல் முகாம் சுமார் 6,000 மீட்டரில் அமைகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே கிடப்பது கும்பு பனியருவி. அருவி என்ற சொல்லைக் கேட்டுக் குற்றாலத்தை எண்ணிவிடலாகாது. வீட்டளவும் கோபுர அளவும் உடைய பனிக்கட்டிகள் நாள்தோறும் நகர்ந்தும் வெடித்தும் சரிந்தும் கிடக்கும் இடம் அது. பிளவுகளின் குறுக்கே ஏணிகளைக் கிடத்திக் கட்டி, அவற்றின்மேல் அடியெடுத்து வைத்துக் கடத்தல் வேண்டும். சிகரம் ஏற வந்தவர் ஒரு பருவத்தில் சில முறையே அதனைக் கடப்பர். அவருக்கு வேண்டிய கூடாரம், உணவு, கயிறு, ஆக்சிஜன் உருளை ஆகியவற்றை முதுகில் ஏற்றிச் செல்லும் ஷெர்ப்பாக்களோ மீண்டும் மீண்டும் கடந்தாக வேண்டும். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் பனி சரிந்து அங்கு 16 பேர் மாண்டனர். அனைவரும் கூலிக்கு உழைத்த நேபாளியர். ஏற வந்த வெளிநாட்டார் ஒருவரும் அவருள் இலர். 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் மேலும் மூன்று ஷெர்ப்பாக்கள் அதே பனியருவியில் புதையுண்டனர்.

2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்விடத்தில் ஒரு சோதனை நடைபெற்றது. சீனாவின் டி.ஜே.ஐ. நிறுவனம் செய்த 'ஃபிளைகார்ட் 30' என்னும் பளு தூக்கும் ட்ரோன், 15 கிலோ சுமையுடன் பனியருவிக்கு மேலாகப் பறந்து முதல் முகாமை அடைந்தது. போய்த் திரும்ப 12 நிமிடங்களே ஆயின. போகும்போது ஆக்சிஜன் உருளைகள். திரும்பும்போது மலையில் மனிதர் விட்டுவந்த குப்பை. கால்நடையாகச் செல்லும் ஷெர்ப்பாவுக்கு இவ்வழி ஆறு முதல் எட்டு மணி நேர உழைப்பாகும். தாழ்நிலத்தில் இப்பொறி 30 கிலோ வரை தூக்க வல்லது. உயரத்தில் காற்று மெலிந்திருத்தலின் சுழலிகளுக்குப் பிடிமானம் குறைகின்றது. குளிரில் மின்கலமும் சோர்வடைகின்றது. ஆகவே அங்கு அதற்குப் பாதிச் சுமைதான். பொறியும் மலையேறினால் மூச்சு வாங்குகின்றது போலும்! 2025-ஆம் ஆண்டு வசந்த பருவத்தில், வழியமைப்போருக்கு ஏணிகளையும் கயிறுகளையும் கொண்டுசேர்க்கும் பணியில் ட்ரோன்கள் அங்கே ஈடுபடுத்தப்பட்டன.

மனிதன் முதுகிலிருந்து சுமை இறங்கிற்று. இதில் ஆராய்வதற்கு என்ன உளது என்று அன்பர்கள் வினவலாம். நாமும் முதலில் அவ்வாறே மகிழ்ந்தோம். பின்னர் சிராவகாசார நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஓர் ஐயம் எழுந்தது.

சமந்தபத்திராசாரியார் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், அகிம்சை அணுவிரதத்திற்கு நேரும் குற்றங்களாக ஐந்து கூறப்பட்டுள்ளன. உறுப்பறுத்தல், கட்டிவைத்தல், அடித்து வருத்துதல், உணவைத் தடுத்தல் என்பவற்றோடு, தாங்கும் அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதலும் அவற்றுள் ஒன்று. இது நம் இல்லங்களில் பலரும் அறிந்ததே. ஆனால் அதே ஆசாரியர் சில சுலோகங்கள் கழித்து, பொருளுக்கு எல்லை வரைந்துகொள்ளும் பரிக்கிரக பரிமாண விரதத்தின் குற்றங்களைக் கூறுமிடத்தும் மிகுபாரம் ஏற்றுதலை மீண்டும் சேர்க்கின்றார். மிகுதியாக ஓட்டுதல், மிகுதியாகச் சேர்த்தல், பிறர் செல்வம் கண்டு வியத்தல், உலோபம் ஆகியவற்றுடன் அது ஐந்தாவதாக நிற்கின்றது.

ஒரே செயலை இரண்டிடத்தில் வைத்தது எதனால்? மறதியால் அன்று என்பது தெளிவு. பாரம் மிகும்போது குற்றமும் இரண்டாகின்றது. சுமக்கும் உயிர் வருந்துதல் ஒன்று. ஏற்றுகின்றவன் மனத்தில் 'இன்னும் சிறிது, இன்னும் சிறிது' என எழும் ஆசை மற்றொன்று. முதலாவது சுமப்பவன் முதுகில் தெரியும். இரண்டாவது எங்கும் தெரியாது. ட்ரோன் வந்ததனால் முதற்குற்றம் பெரிதும் நீங்கிற்று என்றே நாம் கருதுகின்றோம். இரண்டாவதற்கு அப்பொறி மருந்தாகாது. அதனை வளர்க்கவும் கூடும்.

எவ்வாறெனின், இதுகாறும் ஏற்றுகின்றவனுக்கு ஒரு தடை இருந்தது. ஷெர்ப்பாவின் முதுகு 'போதும்' என்றது. அவர் வாய் திறவாவிட்டாலும் நடை சொல்லிற்று. பொறிக்கு அளவு உண்டு. ஆனால் அது முனகுவதில்லை. ஒருமுறை போதாவிடில் மறுமுறை அனுப்புவதற்குப் பணம் ஒன்றே வேண்டும். மலையில் சேர்ந்த குப்பையின் மிகுதியால், ஏறுவோர் ஒவ்வொருவரும் எட்டுக் கிலோ கழிவைக் கீழே கொணர வேண்டும் என்று நேபாள அரசு 2014-ஆம் ஆண்டில் விதி செய்தது. கூலிக்கு மனிதன் சுமந்த காலத்திலேயே ஏறிய பொருள் அத்துணை!

இன்னொன்றும் உண்டு. ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பித்தது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பதாகும். எமக்குத் தெரிந்தது மாட்டுவண்டி. சிறுமியாக இருந்த நாளில், மணிலா மூட்டைகளை அடுக்கிய வண்டி மேட்டில் ஏறும்போது நுகத்தடியின் கீழ் காளைகளின் கழுத்து புண்ணாகியிருப்பதைக் கண்டு அழுதிருக்கின்றோம். பாட்டியார் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவுவார். பிற்காலத்தில் டிராக்டர் வந்தது. இனிக் காளைகளுக்கு விடுதலை என்று மகிழ்ந்தோம். அடுத்த ஆண்டே அவற்றைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றனர். வாங்கியவர் எவர், எதற்கு வாங்கினார் என்பதை எம் தந்தையார் கடைசிவரை வீட்டில் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சுமை நீங்கியதோடு அவற்றுக்குத் தீனி போடும் காரணமும் நீங்கிற்று.

ஷெர்ப்பாக்கள் காளைகள் அல்லர். தம் நிலையைத் தாமே எடுத்துரைக்க வல்லவர்கள். ஆயினும் அவ்வூர் இளைஞர் பலர் முதலில் சுமை தூக்கி, பின்னரே வழிகாட்டியாக உயர்கின்றனர். சுமைக்கூலி நின்றால் அவ்வீட்டு அடுப்பு எதனால் எரியும் என்பதை, அவர்களது சுமையால் சிகரம் ஏறிப் புகழ் பெற்றவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உயிருக்கு இடரான தொழிலை நீக்குவது கருணையே. நீக்கியவுடன் கைகழுவுவதைக் கருணை என்று கூற நமக்கு நா எழவில்லை. பனியருவியில் வழி காண்பதும், ஏணி கட்டுவதும், விழுந்தவரைத் தூக்குவதும் இன்றும் மனிதர் பணியே. அப்பணிக்கு முன்னிலும் உயர்ந்த ஊதியம் கொடுத்தால் பொறியும் மனிதனும் ஒருங்கே வாழலாம்.

பறக்கும் பொறியையே நாம் வெறுக்கின்றோம் என்று எவரும் கொள்ள வேண்டா. 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் மணிப்பூர் மாநிலத்தில், பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்கு ட்ரோன் வழியே கொரோனாத் தடுப்பூசி மருந்து அனுப்பப்பட்டது. தரைவழி 26 கிலோமீட்டர், வான்வழி 15. பறந்த நேரம் 12 முதல் 15 நிமிடம். அச்சுமை இலேசானது, தேவையோ பெரிது. எவரெஸ்ட்டிலும் ஏறத்தாழ அதே நிமிடக் கணக்குதான். பறந்த நேரம் ஒன்றாக இருப்பதனால் இரு சுமைகளும் ஒன்றாகிவிடா. தீவிலிருந்தவர் அங்கேயே பிறந்து வாழ்பவர்; மருந்து இன்றேல் அவர் உயிருக்கு ஊறு. சிகரம் ஏறுபவர் தாமே விரும்பிச் செல்பவர். அவருடைய ஆக்சிஜனும் உயிர் காப்பதே, மறுக்கவில்லை. ஆனால் அத்தேவை அவர் ஆசையிலிருந்து பிறந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு எம் கணக்கை மறைப்பது முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன் சம்மேத சிகர்ஜி யாத்திரை சென்றோம். இருபது தீர்த்தங்கரர்கள் முத்தியடைந்த அம்மலையில் ஏற ஒன்பது, சுற்றிவர ஒன்பது, இறங்க ஒன்பது என 27 கிலோமீட்டர் நடை. முழங்கால் இடந்தரவில்லை, டோலி பேசினோம். மதுபனில் எடை பார்த்தே கூலி சொல்கின்றனர். இரவு இரண்டு மணிக்கு, குளிரில், தராசின் மேல் நின்றோம். சுமக்க வந்த இருவரும் எம் மகன் வயதினர். மலைமேல் ஏறியபின் அவர்கள் மூச்சு எம் காதருகே கேட்டுக்கொண்டேயிருந்தது. உதட்டில் மந்திரம் ஓடிற்று. மனம் அம்மூச்சை எண்ணிக்கொண்டிருந்தது. தாங்க மாட்டாமல், இறங்கும்போது நடந்தே வருகின்றோம் என்றோம். மூத்தவர் முகம் வாடிற்று. "மாதாஜி, கூலி குறைந்துவிடுமே" என்றார். முழுக்கூலியும் தருவோம் என்று சொல்லிச் சிறிது தூரம் நடந்தோம். பின்னர் முழங்கால் இடறவே மீண்டும் ஏறி அமர்ந்தோம்.

இதனைக் கேட்ட பேத்தி சிரித்தாள். "இன்னும் சில வருடம் பொறுங்கள் பாட்டி, ட்ரோனே உங்களைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிகரத்தில் வைத்துவிடும்; யாருக்கும் மூச்சு வாங்காது" என்றாள். வந்தால் ஏறுவோமா என்று அன்றிரவு எண்ணினோம். முழங்கால் ஏறு என்றது. மடியில் ஒரு பையை வைத்திருந்தது அப்போதுதான் நினைவிற்கு வந்தது. இரண்டு சால்வை, ஒரு குடை, வெந்நீர்க் குடுவை, ஊரிலிருந்து கொண்டுசென்ற முறுக்கு. எடை பார்க்கும்போது அப்பையை மகளிடம் கொடுத்துவிட்டுத் தராசில் நின்றோம். டோலியில் ஏறிய பின்னர் அதனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டோம்.