வலைக்கு முன்னால் யார்?

சீசன் தொடங்குமுன் ஒரு கால்பந்து அணியின் வீரர் பட்டியல் வந்தால், பலருடைய கண் கோல் அடிப்பவர்களைத்தான் தேடும். நான் கோல்கீப்பரிடமிருந்து ஆரம்பிப்பேன்.

2004 கோடையில் செல்சி அணிக்கு மொரின்யோ பயிற்சியாளராக வந்தார். புதிதாக வந்தவர்களில் ட்ரோக்பா கண்ணைப் பறித்தார். எனக்கோ கோல்கீப்பர் செக்கும் தடுப்பாட்டக்காரர் கார்வால்யோவும்தான் பெரிதாகப் படுகிறார்கள். ஏற்கெனவே இருந்த டெர்ரி, உயர வரும் பந்தைத் தலையால் முட்டித் தள்ளுவார். கார்வால்யோ அது வரும் வழியை மோப்பம் பிடித்து, எதிராளியின் காலைத் தொடுமுன் குறுக்கே புகுந்து எடுப்பார். ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம். ஜோடிப் பொருத்தம் என்றால் இதுதான். இவர்களுக்கு முன்னால் மக்கலேலே. இந்தப் பக்கம் நாலு அடி, அந்தப் பக்கம் நாலு அடி நகர்ந்தே இடைவெளியை அடைத்துவிடுவார். அந்த நாலு அடி எந்த ஸ்கோர் அட்டையிலும் ஏறாது. அதனாலேயே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

முந்தைய சீசனில் 30 கோல் வாங்கிய அணி, அந்த முறை 38 ஆட்டங்களில் வாங்கியது 15. லீக் பட்டமும் 50 ஆண்டுக்குப் பிறகு செல்சிக்குத் திரும்பியது.