பீடம் கேட்கும் இரசம்



வட இத்தாலியின் பியெமொந்தே பிரதேசத்தில் பரோலோ என்னும் திராட்சை இரசம் பெயர்பெற்றது. நெபியோலோ என்ற ஒரே இனப் பழத்திலிருந்து பிழியப்படுவது. குறைந்தது 38 மாதங்கள் முதிர வேண்டும். அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில். 1980இல் அந்நாட்டின் அதியுயர் தரம் அதற்குக் கிடைத்தது. சுவைத்துப் பார்த்துத் தேறிய பின்னரே போத்தலின் கழுத்தில் அரசாங்க முத்திரை ஏறும்.

திருப்பலிக்கோ திருச்சபை அந்த முத்திரையைக் கேட்பதில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கேட்பது இவ்வளவே: இயற்கையான திராட்சைப்பழ இரசமாயிருக்க வேண்டும், கெட்டுப்போகாதிருக்க வேண்டும்.

அப்படியிருக்க, ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கும் நாம் குலமும் குடியும் பார்த்து விலகி நிற்கலாமா? பகையால் காடியாய்ப் புளித்த உள்ளத்தை எந்தக் குடும்பப் பெருமை மறைக்கும்? வரும் ஞாயிறு பூசைக்கு முன்னரே அயலவரோடு ஒப்புரவாவோம்.