கல்லும் கலனும்

பொதுவான ஓரிடம் ஒருவனுக்குச் சிறிது நேரம் சொந்தமாதல் கூடுமா என்னும் வினா மிகப் பழையது. உரோமச் சிந்தனையாளர் சிசரோ இதற்கு நாடக அரங்கை உவமை காட்டினார். அரங்கு எல்லோருக்கும் பொது. ஆயினும் ஒருவன் அமர்ந்துள்ள இருக்கையை அவனுடையது என்று கூறுதல் பிழையாகாது. அமர்ந்திருப்பவனுக்கு இது பொருந்தும். எழுந்து சென்றவனுக்கு? தன் இடத்தில் ஒரு கல்லையோ வாளியையோ வைத்துவிட்டுப் போனவனுக்கு அவ்விடத்தின்மீது உரிமை உண்டா? அற்பமாகத் தோன்றும் இவ்வினா, 2022ஆம் ஆண்டிற் கொழும்பில் வாழ்ந்த எவருக்கும் அற்பமானதன்று.

வரிசையில் ஆளுக்குப் பதிலாகப் பொருள் நிற்பது இந்நகருக்குப் புதிதுமன்று. கொட்டாஞ்சேனையில் ‘தோட்டம்’ என வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளில், பொதுக்குழாயடியிற் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கச் செல்லும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. 1973-74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் விடியுமுன்னரே பாணுக்கு வரிசை கூடியதை எம் பாட்டிமார் இன்றும் சொல்வர். 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக ஏப்பிரல் 12ஆம் திகதி அரசு அறிவித்த காலத்தில், அவ்வழக்கம் நகர் முழுவதையும் பிடித்துக்கொண்டது. எரிவாயுச் சிலிண்டர்களைச் சங்கிலியாற் பிணைத்து வீதியோரம் நிறுத்தினர். மண்ணெண்ணெய்க்குப் பிளாஸ்டிக் கலன்கள் நின்றன. கலனை வைத்துப் போக மனமில்லாதவர் ஒரு செங்கல்லை வைத்தனர். அக்கல்லை எவரும் ஒருபோதும் நகர்த்தவில்லை என்று நான் கூறமாட்டேன். சண்டைகளும் நடந்தன. ஆயினும் பெரும்பாலும் கல் வைத்த இடத்திலேயே இருந்தது. சட்டம் எதுவும் அதைக் காக்கவில்லை. பின் காத்தது யாது?

உழைப்பே என்று விடை கூறுவோர் உளர். பொதுவாயுள்ள ஒன்றில் ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடைமையாகிறது என 1689இல் வெளிவந்த தம் நூலில் ஜோன் லொக் வாதிட்டார். பிறருக்கும் போதியளவு, அதே தரத்தில் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அமெரிக்காவின் சிக்காகோ, பொஸ்டன் நகரங்களிற் பனிப்புயல் ஓய்ந்ததும் இவ்வாதம் வீதிக்கே இறங்கிவிடுகிறது. மணிக்கணக்காகப் பனியை வாரியெறிந்து தன் காரை வெளியே எடுத்தவன், தான் திரும்பி வரும்வரை அவ்விடத்தில் ஒரு கதிரையை வைத்துச் செல்கிறான். வீதியோ பொதுச்சொத்து. பொஸ்டன் மாநகர நிருவாகம் பனி அவசரநிலை நீங்கியபின் 48 மணி நேரம் அக்கதிரையைப் பொறுத்துக்கொள்கிறது. அதன்பின் அது குப்பைதான். அந்நகரின் சவுத் என்ட் பகுதிக் குடியிருப்போர் சங்கங்கள் 2015இற் கதிரையே வேண்டாம் என்றன. பனியைக் காணாத எமக்கு இது வேடிக்கையாகலாம். ஆனால் கதிரைக்காரன் பக்கம் ஒரு நியாயம் உண்டு: அவன் பனியை வாராவிடில் அவ்விடமே இல்லை.

கொட்டாஞ்சேனை வரிசையில் நின்றவளுக்கு அந்த நியாயமும் இல்லை. அவள் பத்து மணி நேரம் வெயிலில் நின்றாலும் அதனால் ஒரு சொட்டு மண்ணெண்ணெய்தானும் உண்டாவதில்லை. பவுசர் வந்தால் உண்டு, வராவிடில் இல்லை. காத்திருத்தலும் உழைப்பே எனலாம். களைப்பைப் பொறுத்தவரை அது மெய். ஆயின் லொக்கின் நிபந்தனை இங்கு முற்றாக உடைகிறது. முன்னால் ஒரு கலன் கூடினால் பின்னால் ஒருவர் வெறுங்கையோடு திரும்புவார். எனவே கலனின் உரிமையை உழைப்பிலிருந்து பெறுதல் இயலாது. என் கருத்தில் அது, வரிசையில் நின்றோர் ஒருவருக்கொருவர் வழங்கிய விடுப்பு. “அக்கா, பிள்ளைக்குச் சமைச்சு வச்சிட்டு வாறேன், இதக் கொஞ்சம் பாத்துக்கங்க” என்று சொல்பவளுக்குப் பின்னால் நிற்பவள் தலையசைக்கிறாள். உரிமை அத்தலையசைப்பிற் பிறக்கிறது. 2022 மார்ச்சில் எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் இறந்த செய்திகளைப் படித்தோம். எழுபதைக் கடந்தவரும் தம் உடலால் நின்றே இடத்தைக் காக்க வேண்டும் என விதிப்பின், வரிசை வலியவனுக்கே உரியதாகிவிடும். கலனை நிற்கவிட்டு முதியவரை நிழலுக்கு அனுப்பியது ஒழுங்கைக் குலைத்தது என்று யார் சொல்வார்?

இதிலிருந்தே எல்லையும் புலனாகும். நாலு கலன்களை நாலு இடத்தில் வைத்தவனுக்கு எவரும் தலையசைக்கவில்லை. தன் இடத்தைக் காசுக்கு விற்றவனும் அத்தகையனே. பிள்ளைக்குச் சமைக்கவென விட்ட விடுப்பை அவன் வியாபாரமாக்கினான். கூலிக்கு ஆள் வைத்தோர் விடயம் அத்துணை எளிதன்று. நாட்சம்பளத்தை இழந்து நிற்பவனுக்கும், மாதச் சம்பளம் குறையாமல் ஆளனுப்புபவனுக்கும் வரிசையின் நீளம் ஒன்று, விலை வேறு. வரிசையைச் சமத்துவத்தின் வடிவமாகப் போற்றும் எம் நண்பர்கள் இதை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், வீட்டுக்கும் கடைக்கும் முன்னால் பூச்சாடியோ உடைந்த கதிரையோ வைத்து வாகனத்துக்கு இடம் பிடிப்பதையும் இதனோடு ஒப்பிடலாம். அங்கே உழைப்பும் இல்லை, அயலவரின் தலையசைப்பும் இல்லை. முடிவு கூட இல்லை. மண்ணெண்ணெய்க் கலன் நிரம்பியதும் வீடு திரும்பும்; பூச்சாடி அங்கேயே பூத்துக் காய்த்து நிற்கும்.

2022 யூலையில் அரசு கியூஆர் குறியீட்டு முறையைக் கொணர்ந்தது. வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 எனப் பங்கீடு வந்தது. காத்திருந்து பெற்ற உரிமை போய்ப் பதிவிலக்கத்தாற் பெறும் உரிமை வந்தது. அதை நான் குறைகூறேன். நாட்கணக்காக நின்ற வாகன வரிசைகள் அதனாற் கரைந்தன. பங்கீடு 2023 செப்டெம்பரில் நீங்கியபோது வாகனக்காரர் பழைய வாழ்வுக்குத் திரும்பினர்.

மண்ணெண்ணெய்க்கு வேறு வழி கண்டனர். 2022 ஆகஸ்ட் 22ஆம் திகதி முதல் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. அடக்க விலைக்குக் கீழே விற்று நட்டப்பட முடியாது என்ற வாதம் கணக்களவிற் சரியே. ஆனால் விலை என்பதும் வரிசையைக் குறைக்கும் ஒரு வழி என்பதை அக்கணக்குக் காட்டுவதில்லை. அடுப்பெரிக்க வாங்கியவளும், முகத்துவாரத்திற் படகு இயந்திரத்துக்கு வாங்கியவரும் ஒரே நாளில் நான்கு மடங்கு கொடுக்க வேண்டியவராயினர். கொடுக்க இயலாதவள் வரிசைக்கே வரவில்லை. கல்லை வைத்துவிட்டுப் போனவளுக்காக, “இது அந்தப் பிள்ளைட இடம், இப்ப வந்திடுவா” என்று சொல்லப் பின்னால் ஒருத்தி நின்றாள். வராதவளுடைய கலன் வீட்டு மூலையிற் கிடந்தது. அவள் இடம் எதுவென்று கேட்பதற்கு வரிசையில் எவருக்கும் காரணம் இருக்கவில்லை.