இரண்டு மணி நேர ஊர்

நாகோயாவில் வேலை பார்க்கும் மகள் அனுப்பிய பயணத் திட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எந்த ரயில், எந்த பஸ், எங்கே சாப்பாடு, எந்த ஊரில் படுக்கை என்று எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு வேறென்ன வேண்டும்? விழுப்புரத்து வீட்டில் அதை பிரிண்ட் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவும் கையுமாக உட்கார்ந்தார். நாகோயாவில் புறப்பாடு. நகாட்சுகவாவில் இறங்கி மகோமேவுக்கு பஸ். அங்கிருந்து கணவாய் ஏறி இறங்கி, நடந்தே சுமகோ. ராத்திரி அங்கே தங்கல். பிறகு டகயாமா. டகயாமாவுக்கும் கனசாவாவுக்கும் நடுவில் ஒரு வரி: ‘ஓகிமச்சி கிராமம் – 2 மணி நேரம்.’

பேனா அந்த வரியில் நின்றுவிட்டது.

“அதுல என்னங்க இருக்கு?” என்றார் மனைவி. என்ன இருக்கிறது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மகளிடம் போனில் கேட்டார். “ரெண்டு மணி நேரம் போதும்பா. எல்லாரும் அவ்வளவுதான் நிக்கிறாங்க. ஊரே சின்னது” என்றாள். அவள் சொன்னது சரிதான். டகயாமாவிலிருந்து பஸ்ஸில் 50 நிமிஷம். இறங்கி, தெருவில் ஒரு சுற்று. மேட்டில் ஏறி எல்லாரும் எடுக்கும் அதே படத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் கனசாவா. கணக்கில் ஓட்டை இல்லை. ஆனாலும் அந்த ‘2’ அவரைத் தூங்கவிடவில்லை.

ஓகிமச்சி, ஜப்பானின் கிஃபு மாநிலத்தில் ஷிராகவா பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். கும்பிடும்போது குவியும் கைகளைப் போலச் செங்குத்தான புல் கூரை வீடுகளுக்குப் பேர் போனது. பனி ஆளுயரத்துக்கும் மேலே விழும் பகுதி என்பதால் கூரைக்கு அந்தச் சரிவு. கூரைச் சட்டத்தில் ஆணி கிடையாது; கயிற்றாலும் முறுக்கிய மரக்கிளைகளாலும் கட்டியது. கூரைக்குக் கீழே இரண்டு மூன்று தட்டுகளில் ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள். 1995இல் யுனெஸ்கோ இந்த ஊரையும், பக்கத்து டோயாமா மாநிலத்தில் உள்ள ஐனோகுரா, சுகனுமா என்ற இரண்டு சிற்றூர்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இதெல்லாம் எந்த வழிகாட்டியிலும் கிடைக்கும். அவர் பிடித்துக்கொண்டது வேறொன்றை. அந்தக் கூரையை முப்பது நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை பிரித்து மேய வேண்டும். நூறு இருநூறு பேர் கூடினால் ஒரு பெரிய கூரையின் ஒரு பக்கம் ஒரே நாளில் முடிந்துவிடும். இன்று உன் வீட்டுக்கு நான், நாளை என் வீட்டுக்கு நீ என்ற முறைவேலை. யார் எத்தனை ஆள் அனுப்பினார்கள், எத்தனை கட்டுப் புல் தந்தார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த தலைமுறையில்கூடத் திருப்பிச் செய்வார்கள். இப்போது பாதிக்கு மேல் கூலி ஆட்களின் வேலையாகிவிட்டது என்றாலும் வழக்கம் அடியோடு போகவில்லை. முப்பது வருஷக் கடனை நினைவில் வைத்திருக்கும் ஊருக்கு இரண்டு மணி நேரமா? பேனா மறுபடி அங்கேயே வந்து நின்றது.

இதைக் கொஞ்சம் மிகையான நெகிழ்ச்சி என்றும் சொல்லலாம். மனைவி சொன்னார்.

அவர் பிறந்த ஊர் விழுப்புரத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. வெளியூர் பஸ்கள் டீக்கடை வாசலில் பத்து நிமிஷம் நிற்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்களுக்கு அங்கேதான் ஜாகை. இறங்குகிறவர்கள் சோம்பல் முறிப்பார்கள், வேலிப் பக்கம் போவார்கள், டீ குடிப்பார்கள். இறங்காதவர்கள் சன்னல் வழியாகப் பார்ப்பார்கள். ஒரு முறை சன்னல் கம்பியைப் பிடித்திருந்த பச்சைக் கண்ணாடி வளையல் கை ஒன்று அவரைக் கூப்பிட்டது. “தம்பி, இது என்ன ஊரு?” அவர் ஊர்ப் பேரைச் சொன்னார். அதற்குள் டிரைவர் ஹாரன் அடிக்க, அந்த அம்மாள் மறுபக்கம் திரும்பி யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார். பேர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது.

இதில் அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. பஸ் நிற்காத நாள்தான் ஊர் வெறிச்சென்று இருக்கும். நான்குவழிச் சாலை ஊருக்கு வெளியே வளைந்து போன பிறகு டீக்கடையை மூடினார்கள், சந்தை சுருங்கியது. பத்து நிமிஷப் பார்வை அந்த ஊருக்குச் சோறு போட்டிருக்கிறது. அப்படியிருக்க, யாரோ ஒரு ஊருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியதில் அவருக்கு என்ன வந்தது?

சுமகோ விஷயத்தில் இந்த உறுத்தல் இல்லை என்பது இன்னும் குழப்பியது. சுமகோவும் மகோமேவும் நகாசெண்டோ என்ற பழைய சாலையில் இருந்த தங்கல் ஊர்கள். எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, மலை வழியாகக் கியோட்டோ வரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலை அது. வழியில் 69 தங்கல்கள். சுமகோ 42ஆவது, மகோமே 43ஆவது. பிரபுக்கள் தங்கத் தனி மாளிகை, மற்றவர்களுக்குச் சத்திரம், சுமை மாற்றக் குதிரை. வந்தவர் பொழுது சாயத் தங்கி, விடியலில் கிளம்புவதற்கென்றே எழுந்த ஊர்கள். 1911இல் ரயில் பாதை வேறு பக்கமாகப் போனதும் சாலை செத்தது. சுமகோவும் கூடவே ஒடுங்கியது. அவருடைய ஊர்க்கதை அப்படியே. 1960களின் கடைசியில் பழைய வீடுகளைச் செப்பனிட ஆரம்பித்து, மின்கம்பிகளைத் தெருவின் கண்ணிலிருந்து மறைத்து, பகலில் கார் வருவதை நிறுத்திவிட்டார்கள். இன்று மகோமேவிலிருந்து எட்டு கிலோமீட்டர் மலைப்பாதை, சுமார் மூன்று மணி நேர நடை. கரடிக்காக வழியில் மணி தொங்கவிட்டிருக்கிறார்கள். நடக்கிறவர்கள் அடித்துக்கொண்டே போகலாம். நடுவில் ஒரு பழைய வீட்டில் உள்ளூர்க்காரர்கள் இலவசமாகத் தேநீர் தருகிறார்கள். அங்கே பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் யாருக்கும் குறை இல்லை. ஊரே அதற்குத்தான்.

ஓகிமச்சி அப்படி இல்லை. அது வழிப்போக்கருக்காக எழுந்த ஊர் அல்ல, உழுது பிழைத்த ஊர். “எங்க ஊருக்கு டீ குடிக்க வந்தாங்க. எங்க வீட்டைப் பாக்க யாரும் வரல” என்று ஒரு ராத்திரி மனைவியிடம் சொன்னார். அப்பாடா, விஷயம் பிடிபட்டது என்று அவருக்குத் தோன்றியது.

பிடிபட்டது மறுநாள் காலை வரைதான் நின்றது. ஓகிமச்சி அடங்கிய மொத்த ஷிராகவா கிராமத்தில் குடியிருப்பவர்கள் 1,500 பேர் சொச்சம். வருஷத்தில் வந்து போகிறவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். பனிக்கால இரவுகளில் வீடுகளுக்கு விளக்குப் போடும் நாட்களில் கூட்டம் தாங்காமல் 2019இலிருந்து முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. இதைப் படித்தால் போகவே கூடாது என்று தோன்றும். ஆனால் வருகிறவர்களை நம்பித்தான் அங்கே பல வீடுகள் விடுதியாகவும் கடையாகவும் நிற்கின்றன. ஜப்பான் முழுக்க 2023 கணக்கெடுப்பில் ஆளில்லாத வீடுகள் ஏறத்தாழ 90 லட்சம். யாரும் பார்க்க வராத மலைக்கிராமங்களின் கூரைகள் என்ன ஆயின என்பதை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுமகோ மக்கள் 1971இல் தங்களுக்குள் மூன்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. ஓகிமச்சியும் அதே வருஷம் இதே மூன்றையும் ஏற்றது. சுற்றுவட்டாரத்தில் அணைக்கட்டு நீரில் ஊர்கள் மூழ்கி, பழைய வீடுகள் விலைபோய்க்கொண்டிருந்த காலம். ஆக, பார்க்க வருகிறவர்களை அழைப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். விழுப்புரத்தில் உட்கார்ந்து அவர்களுக்காகக் கூசுவதில் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமும் இருக்கிறது.

மகள் ஒரு மாற்று சொன்னாள். டகயாமாவிலேயே ‘ஹிடா நோ சாடோ’ என்று ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. அதுவும் 1971இல் திறந்ததுதான். மலைக்கிராமங்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். யாரையும் தொந்தரவு செய்யாமல் பார்க்கலாம். “ஆளில்லாத வீட்டை எதுக்கும்மா பாக்கணும்?” என்றார் உடனே. சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. வீட்டில் ஆள் இருக்கவும் வேண்டும். அவர்களை வேடிக்கை பார்க்கவும் கூடாது.

சரி, இரண்டு மணி நேரத்துக்குப் பதிலாக ஒரு ராத்திரி தங்கினால்? ஐனோகுராவில் சுமார் இருபது கூரை வீடுகள். சிலவற்றில் குடும்பத்தாரே விருந்தினரை வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் கணப்புக் குழி, ஆற்று மீன், கீரை, தரையில் படுக்கை. டைம் கீப்பர் கணக்குப் போட்டார். சாயங்காலம் நாலரைக்குப் போய்ச் சேர்ந்து, குளியல், ஆறு மணிக்குச் சாப்பாடு, தூக்கம் எட்டு மணி நேரம், காலைப் பலகாரம் முடித்து ஒன்பதுக்குப் புறப்பாடு. விழித்திருப்பது எட்டு மணி நேரம் சொச்சம். அதில் குளியல், சாப்பாடு, பெட்டி கட்டுதல் போக ஊருக்கு மிஞ்சுவது? அதே இரண்டு மூன்று மணிதான்.

பள்ளி நாட்களில் கிளை நூலகத்தில் ஜப்பானைப் பற்றிப் படித்த ஞாபகம். தி. ஜானகிராமனின் ‘உதய சூரியன்’ என்றுதான் நினைக்கிறார். எழுதியவர் பேர் நிற்கிறது, உள்ளே இருந்தது ஒரு வரிகூட நிற்கவில்லை. பிற்பாடு படித்த பாஷோ கொஞ்சம் தங்கியிருக்கிறார். 1689இல் எடோவிலிருந்து வடக்கே மாதக்கணக்கில் நடந்து ஒரு பயண நூல் எழுதிய கவிஞர். கூடப் போன சோரா என்ற சீடர் வைத்திருந்த நாட்குறிப்பு 1943இல் அச்சில் வந்தபோது, குருவின் நூலும் சீடரின் குறிப்பும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. நிக்கோ மலையடிவாரத்தில் மூன்றாம் மாதம் 30ஆம் தேதி தங்கியதாகப் பாஷோ எழுதுகிறார். அந்த வருஷம் அந்த மாதத்துக்கு 29 நாள்தான். டிரிப் ஷீட்டில் இப்படி எழுதியிருந்தால் மெமோ வந்திருக்கும்.

அதைவிட அவரை ஆசுவாசப்படுத்தியது முந்தைய வருஷத்துப் பயணம். 1688இல், சுமகோ இருக்கும் அதே கிசோ மலைப் பாதை வழியாக, பௌர்ணமி நிலவைப் பிடிக்க வேண்டும் என்று நான்கைந்து நாளில் ஓடியிருக்கிறார் பாஷோ. வழியிலிருந்த ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் கொடுத்திருப்பார்? குதிரையில் போகிறவர் திரும்பிப் பார்த்த அளவுதான். அவசரப் பயணம் சுற்றுலாக் கம்பெனிகள் கண்டுபிடித்த பாவம் இல்லை என்று தெரிந்ததில் ஓர் ஆறுதல். ஆனால் பாஷோ நிலவைத்தான் பார்க்கப் போனார், யார் வீட்டுக் கூரையையும் அல்ல. ஆறுதல் அதோடு சரி.

சுமகோவில் அறை பதிவாகிவிட்டது. ஓகிமச்சி, ஐனோகுரா, இரண்டும் இல்லாமல் நேராகக் கனசாவா என்று மூன்று வழி இன்னும் திறந்திருக்கிறது. எது மரியாதையான வழி என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த வாரம் ஐனோகுரா, போன வாரம் எதுவுமே வேண்டாம். மகளுக்குப் பொறுமை குறைந்துகொண்டு வருகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. அக்டோபர் 9, 10 தேதிகளில் டகயாமாவில் இலையுதிர்காலத் தேர்த்திருவிழா. அந்த வாரம் அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் அறையையும் பஸ் இருக்கையையும் பல மாதம் முன்பே பதிந்துகொள்வது நல்லது.