சம்மதம்

2005 பெப்ரவரியில் கலிபோர்னியாவில் எக்ஸ்-45ஏ விமானங்கள் இரண்டு ஒரு பரீட்சைக்காகக் கிளம்பின. ஆளில்லாதவை, ராடாருக்கு எளிதில் அகப்படாத வடிவில் போயிங் நிறுவனம் செய்தவை. பாவனை இலக்கொன்று அறிவிக்கப்பட்டதும், எது வாய்ப்பான இடத்தில் இருக்கிறது, எதனிடம் எரிபொருள் போதும் என்று தாமாகவே கணக்கிட்டு, அவற்றில் ஒன்று திசை திரும்பியது. தரையிலிருந்த விமானியின் பங்கு, தாக்குவதற்குச் சம்மதம் கொடுப்பது.

இந்தச் சம்மதம்தான் என்னை உறுத்துகிறது. எல்லாம் முடிவான பிறகு 'சரிதானே?' என்று மட்டும் கேட்கப்படுபவன் தீர்மானிக்கிறானா, தலையாட்டுகிறானா? (கலியாணம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் பெண்ணிடம் கேட்பதில்லையா, அப்படி.) மறுப்பதென்றால் அவகாசம் வேண்டும், தானே கண்டறிந்த காரணமும் வேண்டும். அவன் முன் இருப்பதோ இயந்திரம் தெரிந்து காட்டியது மாத்திரம். ஆனால் நிஜப் போரில் பிழையானவர் செத்தால், சம்மதித்தவன் என்று விரல் நீள்வது அவனை நோக்கித்தான்.

2006இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மீளாய்வோடு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மனச்சாட்சி குறுக்கே வந்ததென்று மகிழ வேண்டியதில்லை, முன்னுரிமைகள்தாம் மாறின. கடற்படை தன் வழியில் தொடர்ந்தது. 2013இல் எக்ஸ்-47பி என்ற ஆளில்லா விமானம் விமானந்தாங்கிக் கப்பலொன்றில் தானாகவே இறங்கியது. எக்ஸ்-45ஏ இரண்டும் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.