மதிநலமும் நித்யாநுஸந்தானமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழியின் முதற்பாசுரத்திலேயே நம்மாழ்வார், தமக்கு அஜ்ஞானம் நீங்கி நல்லறிவு வாய்த்ததை எம்பெருமான் அருளிய கொடையாகப் பேசுகிறார். தாம் முயன்று ஈட்டியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஸ்ரீகீதையின் 15ஆம் அத்தியாயத்தில் கண்ணனும், நினைவு, ஞானம், மறதி ஆகிய மூன்றும் தன்னிடமிருந்தே உண்டாகின்றன என்கிறான். இவ்வாறிருக்க, அன்றாடப் பழக்கங்களால் ஒருவன் தன் புத்தியைக் கூர்மையாக்கிக் கொள்ள முடியுமா என்று நம்மில் ஒருவர் கேட்பது பொருந்துமா? அண்மையில் ஒரு காலக்ஷேப கோஷ்டியில் இக்கேள்வி எழுந்தது. கேட்டவர் எழுபது வயதைக் கடந்த ஸ்வாமி. ஓதிய பாசுரங்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றனவே என்ற கவலை அக்கேள்விக்குள் இருந்தபடியால், அதை வெறும் தர்க்கமாக எண்ணித் தள்ளிவிட மனம் வரவில்லை.

அதே கீதையின் 6ஆம் அத்தியாயத்தைப் பார்க்கலாம். மனத்தை அடக்குவது காற்றைப் பிடித்து நிறுத்துவதைப் போல் அரிது என்று அர்ஜுனன் முறையிடுகிறான். கண்ணன் அதை மறுக்கவில்லை. ஆயினும், அப்யாஸத்தாலும் வைராக்யத்தாலும் அது வசப்படும் என்கிறான். நினைவு தன்னால் வருவது என்றவனே பழகு என்றும் சொல்லியிருக்கிறான். இரண்டையும் சேர்த்தே நாம் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

உலகியலில் பழக்கம் அறிவைத் தீட்டும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. அடியேன் வங்கியில் பணியாற்றிய காலத்தில், கணினி வருவதற்கு முன், லெட்ஜரின் ஒரு பக்கம் முழுவதையும் பென்சில் முனையை ஓட்டியபடியே கூட்டிவிடும் குமாஸ்தாக்கள் இருந்தார்கள். கேஷியர், எதிரே நிற்பவரிடம் பேசிக்கொண்டே நூறு நோட்டுக் கட்டை எண்ணுவார். கள்ள நோட்டு ஒன்று இடையில் வந்தால் விரல் தானாக நின்றுவிடும். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், அவருக்கே உடனே காரணம் சொல்லத் தெரியாது; நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் சொல்லுவார். பல்லாண்டுகள் நல்ல நோட்டையே தொட்டுப் பழகிய விரலுக்கு வந்த ஞானம் அது. ஆனால் அவரே வீட்டுக்கு வாங்கிப் போக வேண்டிய சாமானை மறந்துவிட்டுப் போவார். புத்தி பழகிய இடத்தில்தான் கூர்மை பெறுகிறது. பழக்கம் நின்றால் அந்தக் கூர்மையும் நிற்பதில்லை. கணினி வந்த சில ஆண்டுகளிலேயே கூட்டல் தெரிந்த அந்தக் கைகள் சின்னத் தொகைக்கும் கால்குலேட்டரைத் தேடின.

நம் பூர்வர்கள் ஸந்தை முறையை வகுத்தது இதை அறிந்தே என்று தோன்றுகிறது. ஆசார்யன் ஒரு முறை சொல்ல, சிஷ்யன் இரு முறை சொல்லுகிறான். புத்தகம் பிறகுதான். இன்று கடல் கடந்து வாழும் பிள்ளைகள் தொலைபேசி வழியாக, அங்கே விடியலும் இங்கே அந்தியுமாக இருக்கும் வேளையில் ஓதுவதும் இம்முறையிலேயே. திருவாய்மொழி அந்தாதியாக அமைந்திருப்பதும் நினைவுக்குத் துணை. ஒரு பாசுரத்தின் முடிவு அடுத்ததை எடுத்துக் கொடுக்கிறது. 1102ஆம் பாசுரத்தின் முடிவு மறுபடி முதற்பாசுரத்தின் தொடக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. நூறு பதிகங்களுக்கு 1102 என்ற கணக்கு எப்படி வந்தது என்று வியப்பவர்களுக்கு: பன்னிரு திருநாமப் பதிகத்துக்கு மட்டும் 13 பாசுரங்கள், மற்ற 99 பதிகங்களுக்கும் பதினொன்று வீதம் 1089. (கணக்குப் பிள்ளைக்குக் கணக்கில்தான் கண் போகும், ஸ்வாமிகள் பொறுத்தருள வேண்டும்.)

வாய் ஓத, மனம் கடைத்தெருவில் திரிந்தால் என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. பயன் குறைவுதான், இல்லை என்று அடியேன் சொல்லமாட்டேன். கேஷியரின் விரல் தானாக எண்ணிக்கொண்டிருந்ததால்தான் மாறுபட்ட நோட்டு அதற்குத் தென்பட்டது. பாசுரம் நாவில் தங்கியிருப்பவனுக்கே, ஒருநாள் ஏதோ ஒரு சொல்லில் மனம் திடீரென்று நிற்கும். அதற்கு முன் நூறு நாள் நிற்காமல் போயிருக்கலாம். எம்பெருமானார் மாதுகரத்துக்கு எழுந்தருளும்போது திருப்பாவையை அநுஸந்தித்துக்கொண்டே நடப்பார், அதனால் திருப்பாவை ஜீயர் என்றே பெயர் பெற்றார் என்று கேட்டிருக்கிறோம். வீதியில் நடப்பதும் வாசலில் நிற்பதும் தினப்படிக் காரியங்கள். அவற்றோடு சேர்த்தே அவர் ஓதினார். ஓதுவதற்கென்று தனிப்பொழுது வாய்க்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

முதலில் எழுப்பிய கேள்விக்கு ஸ்ரீமந்நாதமுனிகளின் சரிதம் நேரான விடை தருகிறது. மறைந்துபோன திவ்யப்ரபந்தத்தைத் தேடித் திருக்குருகூர் சென்றவருக்கு, பராங்குசதாஸர் கண்ணிநுண் சிறுத்தாம்பை உபதேசித்தார். அதைப் பன்னீராயிரம் உரு ஜபித்தபின் ஆழ்வார் ஸேவை ஸாதித்து நாலாயிரத்தையும் அருளினார். பதினொரு பாசுரங்கள், ஒரு முறை நிதானமாக ஓத மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் அறுநூறு மணி நேரம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓதினால் ஐம்பது நாட்கள். இத்தனை உருவும் சேர்ந்து நாலாயிரத்தை விலைக்கு வாங்கிவிட்டது என்று நம் குருபரம்பரை எங்கும் சொல்லவில்லை. பதினொரு பாசுரங்களை எத்தனை முறை பெருக்கினாலும் அவற்றுக்குள் இல்லாத மற்றப் பாசுரங்கள் எப்படிக் கிடைக்கும்? கிடைத்தது க்ருபையால். எனினும் அந்தப் பன்னீராயிரத்தை விட்டுவிட்டு இந்த வைபவத்தைச் சொல்லுவாரும் இல்லை. அருள் வரும் திசையை நோக்கி அமர்ந்திருந்ததே அவருடைய அப்யாஸம். உபாயம் அவனே என்றிருக்கும் ப்ரபந்நனுக்கு ஓதுவது கைங்கர்யம். அதில் புத்தி தெளிவது கூடவே வரும் பலன்.

நம்பிள்ளையின் வைபவமும் இங்கு நினைக்கத்தக்கது. நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியைப் பட்டோலைப்படுத்தித் தரும்படி அவரிடம் கொடுத்தார். காவிரியைக் கடக்கையில் ஏடு வெள்ளத்தில் போயிற்று. கேட்டிருந்ததை நினைவிலிருந்தே எழுதிச் ஸமர்ப்பித்தார். சில இடங்களில் பொருள் முன்னிலும் விளங்க அமைந்திருக்கக் கண்டு நஞ்சீயர் உகந்தார். எழுத்தை மட்டும் சுமந்த நினைவாக இருந்தால் குறையோடு திரும்பியிருக்கும். பொருளோடு கேட்டிருந்தபடியால் கூடுதலாகத் திரும்பிற்று.

ஆனால் கூர்மை தன்னளவில் நன்மை என்று கொண்டாடத் தயக்கமாக இருக்கிறது. பாடம் நன்றாக வந்த சிலரிடம் ஒரு மாறுதலைக் காணலாம். கோஷ்டியில் அவர்கள் காது பாசுரத்தை விட்டுவிட்டு, பக்கத்திலிருப்பவர் எங்கே தவறுவார் என்று காத்திருக்கத் தொடங்குகிறது. இதுவும் பழக்கத்தால் வந்த கூர்மைதான், நாள்தோறும் வளர்வதும்தான். நுண்மை மிக்க புத்தியே பாகவதாபசாரத்துக்கு நுண்ணிய வழிகளையும் கண்டுபிடிக்கிறது. போதாயன வ்ருத்தியை இரவுகளில் வாசித்தே மனத்தில் இருத்தி, எம்பெருமானாரின் ஸ்ரீபாஷ்யத்துக்குத் துணைநின்ற கூரத்தாழ்வானை, அந்த நினைவாற்றலுக்காக அமுதனார் புகழவில்லை. கல்விச் செருக்கு உள்ளிட்ட மூன்று செருக்குகளையும் கடந்தவர் என்றே இராமாநுச நூற்றந்தாதியில் போற்றினார்.

இனி அந்தக் கவலைக்கு வருவோம். ஓதியது மறந்துபோனால் என்ன ஆகும்? மகனைக்கூட அடையாளம் தெரியாத முதியவர், திருப்பாவையின் முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தால் மீதியைத் தாமே சொல்லி முடிப்பதைப் பல இல்லங்களில் காண்கிறார்கள். இளமையில் இட்ட பாடம் அவ்வளவு ஆழம். ஆயினும் இதை எல்லோருக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. எடுத்துக் கொடுத்த சொல்லுக்கும் அசையாமல் கிடப்பவர்கள் உண்டு. பெரியாழ்வார் இதை அறிந்தவர். இறுதிக் காலத்தில் நினைக்க இயலாமற் போகலாம் என்றே, இயலும் காலத்திலேயே அரங்கனிடம் விண்ணப்பம் செய்து வைத்தார். வராஹ சரம ச்லோகத்தில் எம்பெருமானும் இதே கணக்கைத் தன் பக்கத்திலிருந்து சொல்லுகிறான். மனமும் உடலும் நன்றாக இருக்கையில் தன்னை நினைத்தவன், பின்பு கட்டையும் கல்லும் போலக் கிடக்கும்போது அவனைத் தான் நினைப்பதாகவும், பரமகதியை அடைவிப்பதாகவும் பூமிப்பிராட்டியிடம் வாக்குக் கொடுத்தான்.

ஆகவே அந்த ஸ்வாமி நழுவிய பாசுரங்களை எண்ணிக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. மீதமிருப்பதை நாளைக் காலையும் ஓதலாம். நழுவியதைப் பேரப்பிள்ளை புத்தகம் பார்த்து எடுத்துக் கொடுக்கட்டும். இவர் இரு முறை திருப்பிச் சொல்லட்டும். ஸந்தையில் சிஷ்யன் செய்வது அதுதானே.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.