மருத்துவனா, வணிகனா? – மரம் வெட்டுந் தொழிலின் அறம் பற்றிய ஒரு நோக்கு

மனிதர்க்குச் செய்யும் மருத்துவத்தில் நோயுற்றவரும் கூலி கொடுப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. மரத்துக்கு மருத்துவஞ் செய்பவனின் நிலை அத்தகையதன்று. நோயுற்றது ஒன்று, கூலி கொடுப்பவர் பிறிதொருவர். நோயுற்றதற்கு வாய் இல்லை. கூலி கொடுப்பவர்க்கு மரத்தைப் பற்றிய அறிவு இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே கையில் வாளுடன் நிற்பவன் ஒருவனே நிலைமையை அறிந்தவன். ‘வெட்டவேண்டும்’ என்று அவன் சொன்னால் அவனுக்குக் கூலி உண்டு. ‘வெட்டவேண்டியதில்லை’ என்று சொன்னால் வெறுங்கையுடன் திரும்பவேண்டும். அங்ஙனமாயின் அவனது சொல்லைப் பிறர் எங்ஙனம் நம்புவது? அதனினும் மேலாக, அவன் தன்னைத்தானே எங்ஙனம் நம்புவது? சிறியதொரு தொழிலைப் பற்றிய வினாவாக இது தோன்றினும், அறிவும் வருவாயும் தீர்ப்பும் ஒரே கையில் வந்து சேருமிடமெல்லாம் இவ்வினா எழுதல் தவிர்க்கவியலாததாகும்.

வன்னி நிலத்தார்க்கு மரம் வெட்டுதல் புதியதன்று. காட்டை வெட்டிக் குளத்தின்கீழ் வயலாக்கிய குடியேற்றங்களின் வரலாறே அம்மண்ணின் அண்மைக்கால வரலாறு எனலாம். பாலையும் வீரையும் முதிரையும் நின்ற இடங்களிலே நெல் விளைந்தது. எனினும் வெட்டுதல் யாவும் அழித்தல் அன்று என்பதையும் அம்மக்கள் அறிவர். பூவரசிலும் கிளுவையிலும் கதியால் வெட்டி நட்டு வேலியாக்குவர். அவ்வேலி மரங்களின் குழையை வெட்டி ஆட்டுக்கு இடுவர், வயலுக்குப் பசளையாக்குவர். வெட்டிய கொப்பு மீண்டுந் துளிர்க்கும். ஆகவே வாள் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. எங்கே, எதற்காக, எவ்வளவு என்பனவே அதனை நன்றாகவும் தீதாகவும் ஆக்குவன.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக் கொள்ளலாம். வட்டக்கச்சியிற் பிறந்து கனடாவுக்குப் பெயர்ந்த இளைஞன் ஒருவன், ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் ‘மரச் சத்திரசிகிச்சை’ எனப் பெயர்பெறும் தொழிலைப் பிறரிடம் சில ஆண்டுகள் கூலிக்குச் செய்து கற்று, பின்னர் ரொறன்ரோ நகரில் அதனைத் தனக்கெனத் தொடங்குகின்றான் எனக் கொள்க. ஒரு பாரவண்டி, கிளைகளை நொறுக்கும் ஓர் இயந்திரம், சங்கிலி வாள்கள், ஏறுங் கயிறுகள், இரு வேலையாட்கள். இவையே அவனது முதல். இவற்றுள் பெரும்பகுதி கடனாகப் பெற்றது. காப்புறுதிக் கட்டணம் தவணை தவறாது வரும். பனிக்காலத்திலோ வேலை குறையும். ஒருநாள் ஸ்காபரோவிலுள்ள ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வருகின்றது. பின்வளவில் நிற்கும் ஆஷ் மரத்தின் உச்சி சிறிது வாடியிருக்கின்றது. என்ன செய்யலாம் என்று வீட்டுக்காரர் வினவுகின்றார்.

அவ்வாட்டத்தின் காரணத்தை அவன் அறிவான். கிழக்காசியாவிலிருந்து வந்த பச்சை நிறத் துளைவண்டு ஒன்று 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெற்றோயிற் நகரை அண்டிய பகுதியிலும் கனடாவின் வின்சர் பகுதியிலும் கண்டறியப்பட்டது. பின்னர் அது ரொறன்ரோவையும் அடைந்தது. பட்டையின் கீழே அதன் புழு குடைந்து செல்வதால் உணவு செல்லும் வழி அறுபட்டு மரம் மடிகின்றது. இதனைத் தடுக்கக் கனடாவிற் கையாளப்படும் மருந்துகளுள் ஒன்று வேப்பம் விதையிலிருந்து பெறப்படுவது. அதனை அடிமரத்தினுள் ஏற்றவேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் ஏற்றவேண்டும். தொடக்கத்திலே செய்தால் மரம் பிழைக்கக்கூடும். நோய் முற்றியபின் செய்வது வீண்செலவு. மரத்தை முழுதாகத் தறித்து அகற்றினாலோ ஒரே நாளிற் பெருந்தொகை கிட்டும். மருந்தேற்றினால் கிட்டுவது சிறுதொகை. ‘இவ்வாட்டம் வண்டினால் வந்ததன்று, அடுத்த கோடைவரை பொறுத்துப் பாருங்கள்’ என்று சொல்லவேண்டிய மரமும் உண்டு, அப்போது கிட்டுவது யாதுமில்லை. இம்மூன்று விடைகளுள் எதனை அவன் சொல்வான்?

சட்டம் இதனைத் தீர்த்துவைக்கும் என்று கருதுவாரும் உளர். ரொறன்ரோ நகரில் நிலமட்டத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுடைய மரத்தைத் தனியார் வளவிலும் அனுமதியின்றி வெட்டலாகாது. இலங்கையிலும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா முதலிய மரங்களைத் தறிப்பதற்கு அனுமதியை வேண்டி நிற்கின்றது. இவை பயனுடைய காப்புகளே. எனினும் ரொறன்ரோவில் அனுமதி கோரும் விண்ணப்பத்துடன் மரமறிந்தவரின் அறிக்கையும் இணைக்கப்படவேண்டும் என்பது மனங்கொள்ளத்தக்கது. மரம் நோயுற்றதா, ஆபத்தானதா என்பதை அலுவலர்க்கு எடுத்துரைப்பவனும் அவனே. எனவே சட்டம் அவனது சொல்லின்மீதே நிற்கின்றது. அவனது சொல்லைத் தாங்கி நிற்பது அவனது மனச்சான்று ஒன்றே.

இவ்விடத்தில் பிளேற்றோவின் ‘குடியரசு’ நூலின் முதற் பகுதியில் வரும் விவாதம் துணைபுரிகின்றது. ஒவ்வொரு தொழிலும் அதனைச் செய்வோனின் நன்மையையே நாடுகின்றது என்னும் கருத்தை மறுக்கும் சோக்கிரதீஸ், மருத்துவன் மருத்துவன் என்ற அளவில் நோயாளியின் நன்மையையே நாடுகின்றான் என்றும், பொருள் ஈட்டுதல் மருத்துவத்தின் பகுதியன்று, அதனுடன் கூடிவருகின்ற வேறொரு கலை என்றும் விளக்குகின்றார். இவ்வேறுபாடு நுண்மையானது, ஆயினும் நடைமுறையில் இரு கலைகளும் ஒரே மனிதனுள் குடியிருக்கின்றன. மரத்தை அண்ணாந்து பார்க்குங் கண் மருத்துவனுடையது. அதே வேளையில் மாதத் தவணையை எண்ணும் மனம் வணிகனுடையது. கண் கண்டதை மனம் திருத்திவிடுதல் கூடும். திருத்தப்பட்டது என்பதைக்கூட அவன் அறியாதிருத்தல் கூடும். பொய் சொல்பவனைவிடத் தன் பொய்யை மெய்யென நம்பத் தொடங்கியவனே இத்தொழிலில் அஞ்சத்தக்கவன்.

நேர்மையே ஈற்றில் இலாபந் தரும். ஆகவே வணிகன் நேர்மையாயிருப்பான் என்று சிலர் அமைதி கூறுவர். ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற் 1785இல் வெளியிட்ட தமது அறவியல் நூலில் ஒரு கடைக்காரனை எடுத்துக்காட்டினார். அவன் சிறுபிள்ளைக்கும் சரியான விலைக்கே பொருள் விற்கின்றான். ஆனால் அது தன் வாணிகம் செழிக்கவேண்டும் என்பதற்காகவெனின், அச்செயல் கடமைக்கு இணங்கியதேயன்றிக் கடமையினின்றும் பிறந்ததன்று என்பது அவர் கருத்து. மரத்தொழிலில் இவ்வேறுபாடு மிகக் கூர்மையாகப் புலப்படுகின்றது. கடைக்காரனின் கள்ளநிறையை மறுநாள் வேறொரு தராசு காட்டிக்கொடுத்தல் கூடும். வெட்டப்பட்ட மரமோ சாட்சி சொல்லாது. அது வாழ்ந்திருக்குமா, மடிந்திருக்குமா என்பதை நிறுவ எவராலும் இயலாது. இதற்கு எதிராக, ‘வெட்டவேண்டியதில்லை’ என்று அவன் விட்டுச்சென்ற மரம் புயலில் விழுந்து கூரையை உடைத்தால் பழி முழுதும் அவன்மீதே சாரும். வீணே வெட்டியவனுக்குப் பழியில்லை. நன்றெண்ணி விட்டவனுக்குப் பழியுண்டு. இலாபமும் அச்சமும் ஒருங்கே வெட்டும் பக்கமே இழுக்கும் இத்தகைய இடத்தில், நற்பெயரை நாடும் நேர்மை துணைநில்லாது. கடமையுணர்வு தனித்தே நிற்கவேண்டும்.

தமிழ் மரபு இவ்வினாவை அறியாததன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து, துணைநிற்போன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. மரமருத்துவத்தில் நோயாளியின் கூறு பேச்சிழந்து நிற்பதால் ஏனையோரின் பொறுப்பு மிகுகின்றது. நடுவுநிலைமை அதிகாரமோ, பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகஞ் செய்வோர்க்குரிய நெறி என்கின்றது. மருந்து கொள்வதற்காகவேனும் ஒரு மரத்தைச் சாகவிடுதல் மாந்தர்க்கு ஒவ்வாது என்னும் கருத்தை நற்றிணைச் செய்யுளொன்று எடுத்தாள்கின்றது. உயிர் காக்கும் மருந்துக்கே அத்தகைய எல்லை உண்டெனின், கூலிக்கு எல்லை இல்லாதிருத்தல் எங்ஙனம்?

நல்லெண்ணம் மட்டும் போதுமா என்பது அடுத்து எழும் வினா. இத்தொழிலின் வரலாறே இதற்கு விடை பகர்கின்றது. இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜோன் டேவி என்பார் 1901இல் ‘மர மருத்துவர்’ எனப் பொருள்படும் நூலை வெளியிட்டு இத்தொழிலுக்கு வழிவகுத்தார். அவருக்குப் பின் வந்தோர் பல தசாப்தங்களாக மரப்பொந்துகளைச் சீமெந்தால் அடைத்தனர். கிளையை அடிமரத்தோடு ஒட்ட மழித்து வெட்டினர். வெட்டுவாயிற் பூச்சுப் பூசினர். அன்புடனேயே இவற்றைச் செய்தனர். அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து ஆராய்ந்து, மரத்தின் காயம் மனிதனின் காயம்போல ஆறுவதில்லை என்று காட்டினார். மரம் பழுதுற்ற பகுதியைச் சுவரெழுப்பிச் சிறைப்படுத்திவிட்டு அதன்மேற் புதிதாக வளர்கின்றது. 1977இல் அவர் மார்க்ஸ் என்பாருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாக விளக்கியது. கிளை தோன்றுமிடத்திலுள்ள தடிப்பை மழித்து வெட்டுவது அச்சுவரையே இடிப்பதாகும். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. அன்புடன் செய்த மருத்துவமே நோயை உள்ளே செலுத்தியிருந்தது. ஆதலின் பிறர் பொருளில் வாள் வைப்பவனுக்கு நேர்மையைப் போலவே கற்றலும் அறமாகின்றது. கற்கக்கூடியதைக் கல்லாது செய்த பிழையை நல்லெண்ணம் கழுவிவிடாது.

அறிவின் எல்லையை ஒப்புக்கொள்ளுதலும் இவ்வறத்தின் பாற்பட்டதே. வன்னியின் பனை இதற்குச் சான்று. பனை ஒருவித்திலைத் தாவரம். ஏனைய மரங்கள் காயத்தை மூடி வளர்வதற்கு உதவும் மாறிழையம் அதற்கு இல்லை. அதன் வளர்ச்சி முழுதும் உச்சியிலுள்ள ஒரே குருத்தில் அடங்கியுள்ளது. 2009இல் முடிவுற்ற போரின்போது எறிகணையால் வட்டிழந்த பனைகளை எந்த மருத்துவத்தாலும் தளிர்ப்பிக்க முடியவில்லை. அவை மொட்டைக் கம்பங்களாய் நின்று மடிந்தன. பூவரசு வெட்டத் தளிர்க்கும்; பனையின் தலை போனால் மீளாது. மீளுவது எது, மீளாதது எது என்பதை அறிந்து, மீளாததன் முன் வாளைத் தாழ்த்துபவனே தொழிலறிந்தவன்.

இக்கருத்துக்கு மூன்று தடைகள் கூறப்படலாம். மரம் உடையவர் பொருள். அவர் விரும்பின் வெட்டவேண்டியதுதானே என்பது முதற்றடை. உடையவரின் உரிமை மெய்யே. ஆனால் உண்மை அறியாது எடுத்த முடிவு அவருடைய முடிவு ஆகாது; அது சொன்னவனின் முடிவேயாகும். உண்மையைச் சொல்லியபின் அவர் சட்டத்துக்கு அமைய வெட்டச் சொன்னால் அப்பொறுப்பிற் பெரும்பங்கு அவரைச் சாரும். தான் வெட்டாவிடின் வேறொருவன் வெட்டுவான் என்பது இரண்டாவது. இது மரம் வீழும் என்பதை நிறுவுமேயன்றி, அதனைத் தான் வீழ்த்தலாம் என்பதை நிறுவாது. மூன்றாவது தடை பசி. கடனும், ஊரிலுள்ளோர்க்கு அனுப்பவேண்டிய பணமும் உள்ளவனிடம் அறம் பேசுதல் எளிதன்றோ என்பர். இத்தடையே வலியது. வறுமையிற் செய்த பிழையைச் செல்வத்திற் செய்த பிழையோடு ஒருசேர எடைபோடுதல் நீதியாகாது. எனினும் பிழை சிறிதாவது வேறு, பிழை இல்லையாவது வேறு. இதற்கு ஒரு வழியும் உண்டு. மரத்தைப் பார்த்துக் கருத்துக் கூறுதலையே தனித் தொழிலாக்கி அதற்குச் சிறு கூலி பெறுதல் அவ்வழி. அப்போது ‘வெட்டவேண்டியதில்லை’ என்னும் சொல்லும் உழைப்பின் பயனாகிவிடும். அறத்தைத் தனிமனிதனின் தியாகத்தில் மட்டும் தொங்கவிடாது, தொழிலின் அமைப்பிலேயே அதற்கு இடந் தருதல் அறிவுடைமையாகும்.

கற்பித்த எடுத்துக்காட்டுக்கு மீள்வோம். அவ்விளைஞனின் வட்டக்கச்சி வளவில் கிணற்றருகே முதிய வேம்பு ஒன்று நிற்கின்றது எனக் கொள்க. வளவைப் பார்த்துக்கொள்பவர் தொலைபேசியில் அழைத்து, ‘வேம்பு கோறையாய்ப் போச்சுது தம்பி, காத்துக்கு விழுந்திடும், தறிக்கத்தான் வேணும்’ என்கின்றார். தறிக்க வருபவன் காசு கேட்கவில்லையாம். மரத்தையே கூலியாகக் கொள்வானாம். அம்மரம் மெய்யாகவே கோறையா? மரக்காலையில் வேப்பம் பலகைக்குள்ள விலைதான் அதனைக் கோறையாக்கிற்றா? கடல்கடந்து நிற்கும் அவனால் அறியமுடியவில்லை. பிறர் சொல்லை நம்புவதன்றி அவனுக்கு வேறு வழியில்லை. ஸ்காபரோவின் வீட்டுக்காரர் அவன்முன் எந்நிலையில் நின்றாரோ அந்நிலையில் இப்போது அவன் நிற்கின்றான். வட்டக்கச்சி வேம்பைப் பார்ப்பவனிடம் எத்தகைய சொல்லை அவன் எதிர்பார்க்கின்றானோ, அத்தகைய சொல்லையே ஸ்காபரோவில் அவன் சொல்லக் கடமைப்பட்டவன். பிறர் பொருளைத் தம் பொருள்போற் பேணுதல் என்பதன் பொருள் இதுவே. விலையைச் சொல்லுமுன் உண்மையைச் சொல்பவனே மருத்துவன். விலையை எண்ணியபின் நோயைத் தேடுபவன் வணிகனுமல்லன்.